இரவு பேக்கப்புக்கு ஜிபிஜியை விட்டு ஏஜுக்கு மாறலாமா?

முனையன்:
எங்கள் அலுவலகத்தில் தினமும் இரவு தரவுத்தளத்தின் பேக்கப் என்கிரிப்ட் ஆகி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) வெளியே ஒரு சேமிப்பகத்துக்குப் போகிறது. இதுவரை அப்படிப் பூட்டுவது ஜிபிஜி என்ற மென்பொருள்தான். இனி ஏஜ் என்ற எளிய கருவி போதும் என்று சொல்லியிருக்கிறேன். ஜிபிஜியின் முதன்மைச் சாவி, துணைச் சாவி, நம்பிக்கை அளவு, காலாவதித் தேதி என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடுகிறது. 2012 கடைசியில், அமெரிக்க உளவு ரகசியங்களைப் பின்னர் வெளியிட்ட ஸ்னோடென் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு, ஜிபிஜியின் முன்னோடியான பிஜிபியை நிறுவச் சொன்னார். செய்முறை விளக்கமும் வீடியோவும் அனுப்பியும் வாரக்கணக்கில் அது நடக்கவில்லை. ஏஜில் பொதுச் சாவி (பூட்டுவதற்கானது, திறக்க ரகசியச் சாவி வேண்டும்) ஒரே வரி, சர்வரில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவியைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். யாருக்காவது மறுப்பு உண்டா?

கரிசல்:
எனக்கு உண்டு. ஏஜ் பூட்டும், ஆனால் கையொப்பம் இடாது, அதாவது கோப்பை யார் தந்தது என்று உறுதிசெய்யாது. பொதுச் சாவி யார் கையில் கிடைத்தாலும் அவர் ஒரு கோப்பைத் தயாரித்து, அதே சாவியால் பூட்டி, உங்கள் சேமிப்பகத்தில் பழைய கோப்பின் இடத்தில் வைத்துவிடலாம். நீங்கள் திறந்தால் ஒரு பிழைச்செய்தியும் வராமல் திறக்கும். சம்பளக் கணக்கை மாற்றி எழுதிய தரவுத்தளத்தைத்தான் மீட்டெடுத்தோம் என்பதே உங்களுக்குத் தெரியாது.

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்தை உடைத்து, பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்கு இணைப்பை மாற்றினார்கள். கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண் அதே தளத்தில் இருந்தால், உடைத்தவர் அதையும் மாற்றலாம். கையொப்பத்தைப் போலியாக்க ரகசியச் சாவி வேண்டும். ஜிபிஜியில் பூட்டுவதும் கையொப்பமும் ஒரே கட்டளையில் முடியும் அண்ணா, அதை ஏன் விடுகிறீர்கள்?

முனையன்:
கையொப்பத்துக்கென்றே மினிசைன் என்ற கருவி இருக்கிறதே தம்பி. ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2014இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து சிக்னிஃபை என்ற இத்தகைய சின்னக் கருவியால்தான் கையொப்பமிடுகிறது. ஒரு கருவிக்கு ஒரு வேலை. அப்புறம், ஜிபிஜியில் 'கையொப்பம் சரி' என்று வந்ததும் யாருடைய சாவி என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்? 2024இல் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் வெளியீட்டுக் கோப்புகளுக்கும் கையொப்பம் சரியாகத்தான் இருந்தது, உள்ளேதான் பின்கதவு.

கரிசல்:
அது கையொப்பத்தின் குறை இல்லை. யார் கொடுத்தது என்று மட்டும்தான் கையொப்பம் சொல்லும், கொடுத்தவர் நல்லவரா என்று சொல்லாது. சரி, இரண்டு கருவி என்றால் எது முதலில்? பூட்டிவிட்டுக் கையொப்பமா, கையொப்பமிட்டுப் பூட்டுவதா?

முனையன்:
பூட்டிய கோப்பின் மேல்தான். ரகசியச் சாவியை எடுக்காமலே சேமிப்பகத்தில் இருக்கும் கோப்பு நம்முடையதா என்று தினமும் சோதிக்கலாம். ஜிபிஜியின் ஒரே கட்டளையில் கையொப்பம் பூட்டுக்கு உள்ளே போய்விடும், திறந்தால்தான் தெரியும்.

செம்பருத்தி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எந்தக் கருவி என்பதைவிட, கையொப்பச் சாவி எங்கே இருக்கப்போகிறது என்பதை இருவரும் சொல்லவில்லையே? பேக்கப் எடுக்கும் அதே சர்வரில் கடவுச்சொல் இல்லாமல் வைத்தால், சர்வரை உடைத்தவர் பழைய தேதிக் கோப்புகளையும் மாற்றி, உங்கள் பெயரிலேயே கையொப்பம் போட்டுவிடுவார். அப்போது ஜிபிஜியும் ஒன்றுதான், மினிசைனும் ஒன்றுதான்.

இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ரகசியச் சாவியின் கடவுச்சொல் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனார், பிறகு அவருக்கும் நினைவில்லை. மூன்று வருட பேக்கப் அப்படியே கிடந்தது, ஒன்றையும் திறக்க முடியவில்லை. அன்று அங்கே இருந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு கருவியிலும் ஒரே கோப்பை இரண்டு மூன்று சாவிகளுக்குப் பூட்டலாம். ஒரு சாவியைத் தாளில் அச்சிட்டு லாக்கரில் வையுங்கள்.

கரிசல்:
சர்வர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அக்கா, நான் அதை யோசிக்கவில்லை. தனி இயந்திரம் ஒன்று கோப்பை இழுத்து வந்து கையொப்பமிட்டால், பிறகு சர்வர் உடைந்தாலும் பழையவற்றைத் தொட முடியாது. ஆனால் ஜிபிஜியை விடச் சொல்வதை நான் இன்னும் ஏற்கவில்லை. எங்களுக்குக் கோப்பு அனுப்பும் வெளியாட்கள் எல்லாரிடமும் இருப்பது அதுதான்.

முனையன்:
வெளியாட்களுக்கு ஜிபிஜி இருக்கட்டும். உள்ளே ஏஜும் மினிசைனும், கையொப்பச் சாவி தனி இயந்திரத்தில். மாற்றுவதற்கு முன் இந்தச் சனிக்கிழமை, போன வருடத்துக் கோப்பு ஒன்றைப் புதுக் கணினியில் வைத்து, நான் கிட்டவே போகாமல் புதிதாகச் சேர்ந்த பெண்ணையே திறக்கச் சொல்கிறேன். என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.