சூளைச்சிற்பம்: தோட்டத்தில் வைக்கும் செராமிக் உருவங்களுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். புதிதாக வருபவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மின்சூளை வைத்திருக்கிறேன். கொக்கு, ஆமை, ஆந்தை, மாக்கான் (தவளையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்று முற்றத்திலும் செடிகளுக்கு நடுவிலும் வைக்கிற உருவங்களை அச்சு இல்லாமல் கையாலேயே செய்து விற்கிறேன். ஒவ்வொன்றிலும் கட்டுகிற சீட்டில் 'செராமிக் ஸ்கல்ப்சர்' என்று எழுத மனம் வரவில்லை, தமிழில் என்ன எழுதலாம் என்பதுதான் கேள்வி.

'பீங்கான் சிற்பம்' போதும் என்றார் அண்ணாச்சி. செராமிக் என்பது மண்ணைச் சுட்டுச் செய்கிற எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர், பீங்கான் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும்தான் அண்ணாச்சி. வெள்ளைச் சீனக்களிமண்ணை 1250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் வருவது அது. நான் செய்கிற கொக்கில் பீங்கான் கிடையாது. பீங்கான் என்று எழுதினால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்க வேண்டுமா, மழையில் வைக்கலாமா என்பதுதான். தட்டும் தேநீர்க் கோப்பையும்தான் அவர்கள் மனதில் வருகின்றன, அதில் தவறும் இல்லை.

'சுடுமண் சிற்பம்' என்று பலர் எழுதியிருந்தீர்கள். நானும் முன்பு எல்லாச் சீட்டிலும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சி பக்கம் கடலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு ஒரு சிவப்பு ஆமையும் ஒரு சாம்பல் நிறக் கொக்கும் போயின. ஆமை பானை மண்ணில் செய்து 1000 டிகிரிக்குள் சுட்டது, பூச்சு இல்லாதது. கொக்கு 1200-ஐத் தாண்டிச் சுட்டது. ஒன்றரை வருடத்தில் ஆமையின் முதுகு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. தாழ்ந்த சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளைகள் அப்படியே இருக்கும், உப்புக் காற்றின் ஈரம் அதற்குள் புகுந்து, காய்கிறபோது உப்பு படிகமாகி உள்ளிருந்து தள்ளும், மேல்தோல் கழன்று வரும். கொக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டு அம்மா கோபப்படாமல்தான் கேட்டார்கள், "ரெண்டுக்கும் ஒரே பேருதானே போட்டிருந்தீங்க, அப்புறம் எப்படி?" என்று. என்னிடம் பதில் இல்லை. நான் சொல் தேட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். சுடுமண் என்பது தொல்லியலிலும் அய்யனார் குதிரைகளிலும் நன்றாக வேரூன்றிய சொல். சிவந்த, பூச்சில்லாத, தாழ்சூட்டு மண்ணுக்கே அது இருக்கட்டும், மொத்தக் குடும்பத்துக்கும் அதை இழுக்க வேண்டாம்.

அக்கா சொன்ன 'மண்ணீடு' பற்றி இரண்டு நாள் யோசித்தேன். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையில் கண்ணுள் வினைஞரோடு (ஓவியர்) மண்ணீட்டாளரும் (மண்ணில் உருவம் செய்பவர்) வருகிறார்கள். அழகான சொல். ஆனால் மண்ணில் உருவம் செய்வதைச் சொல்கிறதே தவிர நெருப்பைச் சொல்லவில்லை. சதுர்த்திக்குச் செய்து தண்ணீரில் கரைக்கிற பச்சை மண் பிள்ளையாரும் மண்ணீடுதானே அக்கா. அதனால் பொருளுக்கு வேண்டாம், செய்கிற ஆளுக்கு எடுத்துக்கொள்ளலாம். 'செராமிக் ஆர்ட்டிஸ்ட்' என்பதற்கு மண்ணீட்டாளர் என்று என் பெயருக்குக் கீழே நானே போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

கையால் செய்தது என்பதைச் சொல்ல 'பிடி' என்ற வினையை ஒருவர் எடுத்துக் கொடுத்திருந்தார். பிள்ளையார் பிடிப்பது என்றுதான் சொல்கிறோம், வனைவது சக்கரத்தோடு ஒட்டிய சொல், ஆக இது சரியான வினை. ஆனால் 'கைப்பிடிச் சிற்பம்' என்றால் குடத்துக்குக் கைப்பிடி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. 'பிடிமண்' என்றாலோ புரவியெடுப்புக்கு (அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற விழா) குயவரிடம் கொடுக்கிற ஒரு பிடி மண்ணுக்கு ஏற்கனவே அந்தப் பெயர் இருக்கிறது, அந்த வழக்கத்தின் மேல் இன்னொரு பொருளை ஏற்றக் கூடாது. 'கையால் பிடித்தது' என்று சீட்டில் இரண்டு சொல்லாக எழுதினாலே போதும் என்று நினைக்கிறேன்.

சரி, என் முன்மொழிவு: சூளைச்சிற்பம்.

மண் எதுவானாலும் இவை எல்லாமே சூளைக்குள் போய் வந்தவை. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றுகிறது, அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் விரிசல் விழும். உள்ளே ஈரம் நின்றால் ஆவியாகி வெடிக்கும், அதனால்தான் கொக்கின் வயிற்றைக் குடைந்து கீழே ஒரு துளை விடுகிறோம். இதையெல்லாம் தாண்டி வெளியே வந்ததுதான் மழையில் நிற்கும். சூளை புறநானூற்றிலேயே இருக்கிற சொல், கலஞ்செய் கோவை, அதாவது பானை செய்யும் குயவரை, விளித்துப் பாடும் பாட்டில் அதன் புகையே வருகிறது. சுங்கான்கடையில் பானை சுடுகிறவரிடம் சொன்னாலும் விளக்கம் தேவைப்படாது. செங்கல் சூளை ஞாபகம் வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், செங்கல்லும் அதே குடும்பம்தான். உலோகத்துக்கு உலை, மண்ணுக்குச் சூளை என்ற பிரிவு தமிழில் முன்பே இருக்கிறதால் வெண்கலச் சிலையோடும் குழம்பாது.

வகையைச் சொல்ல 'வேக்காடு' என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். பானை சரியாக வேகவில்லை என்றுதான் பேச்சில் சொல்கிறோம். தாழ்வேக்காடு, உயர்வேக்காடு என்று சீட்டில் எழுதினால் அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிடும். மீன்குழம்புச் சட்டி தாழ்வேக்காடு. மாங்காயும் உப்பும் வருடக்கணக்கில் கிடந்தாலும் வெளியே கசியாத ஊறுகாய்ப் பரணி (ஜாடியை இங்கே அப்படிச் சொல்வோம்) உயர்வேக்காடு. பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிற பெரிய சீனப் பரணிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பரணி என்பதையே வகைப்பெயராக வைக்கலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் மற்ற மாவட்டத்தாருக்கு அது நட்சத்திரமும் போர்ப்பாட்டும்.

'தோட்டம்' என்பதைச் சொல்லுக்குள் சேர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இங்கே தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம், தென்னை நின்றால் விளை, வீட்டு முன்னால் இருப்பது முற்றம். வைக்கிற இடம் வாங்குகிறவர் விருப்பம். 'சிற்பம்' மட்டும் இருக்கட்டும். மயிலாடி கல்சிற்பத்தால் அந்தச் சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு கனம் உண்டு. பொம்மை என்றால் விலை கேட்கும் குரலே மாறுகிறது.

புதிய சீட்டுகள் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகின்றன, மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இன்னொன்றும் மீதி இருக்கிறது. சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிகிற மேல்பூச்சுக்கு இப்போதைக்குக் 'கண்ணாடிப்பூச்சு' என்று எழுதுகிறேன், ஆனால் ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுவது என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. மண்பாண்டம் செய்கிற வீடுகளில் இதற்கு வேறு சொல் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.