மறு: அட்டென்ஷனல் பிளிங்க் – கவனச் சிதறலா, கவன இமைப்பா?

அனைவருக்கும் வணக்கம். "அட்டென்ஷனல் பிளிங்க்" என்ற உளவியல் கலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில், வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> "கவனச் சிதறல்" என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். இந்த நிகழ்வைக் காட்டும் சோதனையை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒரே இடத்தில், நொடிக்குப் பத்துப் பதினோரு எழுத்து வீதம் மாறி மாறி வருகின்றன. எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. அது என்ன எழுத்து, அதன் பிறகு எக்ஸ் வந்ததா என்று இரண்டையும் சொல்ல வேண்டும். வெள்ளை எழுத்து வந்து ஏறத்தாழ 200 முதல் 500 மில்லிநொடிக்குள் எக்ஸ் வந்தால் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வெள்ளை எழுத்தைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டாலோ, அதே எக்ஸ் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. கவனம் சிதறியதால் அல்ல, முதல் எழுத்தில் ஊன்றியதால்தான் அடுத்தது தப்புகிறது. உளவியலாளர்கள் ரேமண்ட், ஷப்பீரோ, ஆர்னெல் மூவரும் 1992இல் "அட்டென்ஷனல் பிளிங்க்" என்று பெயரிட்டது இதற்குத்தான்.

> "கவனச் சிமிட்டல்"?

கண் சிமிட்டும் நேரம் என்று சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் "அவன் கண்ணைச் சிமிட்டினான்" என்றால் சாடை காட்டினான் என்றுதான் முதலில் தோன்றும். சிமிட்டுவதில் மனம் கலந்திருக்கிறது. இமைப்பது தானாக நடக்கிறது. இங்கே நடப்பதும் நம் கையில் இல்லை. இமைப்பில் கால அளவும் உள்ளது: தொல்காப்பியம் மாத்திரையை அளப்பதே கண்ணிமையாலும் கைந்நொடியாலும்தான். அரை நொடிக்குள் நடந்து முடியும் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் வேர் எனக்குத் தெரியவில்லை.

> கண் திறந்தேதானே இருக்கிறது? மாணவர்கள் குழம்புவார்களே.

இந்த மறுப்புதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. லக், வோகல், ஷப்பீரோ என்ற ஆய்வாளர்கள் 1996இல் சொற்களை வைத்துக் காட்டியது இன்னும் வியப்பானது. தவறவிட்ட சொல்லுக்கும் மூளையின் மின்னலைகள் பொருளறிந்தாற்போல மாறின. கண் பார்த்திருக்கிறது, பொருளும் உள்ளே எட்டியிருக்கிறது. ஆள் மட்டும் பார்க்கவில்லை என்கிறார்! அதனால்தான் "கவன" என்ற முன்னொட்டை விடக்கூடாது என்கிறேன். இமைப்பது கவனம், கண் அல்ல.

"பதிவுத் தவறல்" என்ற பரிந்துரை அழகானது. ஆனால் அது நிகழ்வைச் சொல்லாமல் அதற்கான விளக்கங்களில் ஒன்றைச் சொல்கிறது. காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தீரவில்லை. நாளை விளக்கம் மாறினால் சொல் பொய்யாகிவிடும். "கவனக் குருடு" வேண்டவே வேண்டாம். அது வேறொரு நிகழ்வின் பெயரோடு மோதுகிறது, பார்வையற்றோரையும் புண்படுத்தும்.

வினையாக்கிப் பார்த்தேன்: "கவனம் இமைத்தபோது வந்த எழுத்து", "இமைப்புக் காலம்". வாய்க்கு இயல்பாக வருகிறது. எனவே என் வாக்கு கவன இமைப்புக்கே.

ஒன்று மிச்சமிருக்கிறது. வெள்ளை எழுத்தை ஒட்டி, அடுத்த எழுத்தாகவே எக்ஸ் வந்தால் இமைப்பில் சிக்காமல் தப்பிவிடுகிறது. இதற்கு "ஒட்டித் தப்பல்" என்று எழுதிவைத்திருக்கிறேன், கரடுமுரடாக இருக்கிறது. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.