முதல் வாரமே தலை சுற்றுகிறது, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கிளிநொச்சிக்காரி:
போன திங்கட்கிழமை கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அறை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. அது என் பக்கம் திரும்பாது. உயர்தரம் வரை தமிழில் படித்தவள். இங்கே எல்லாம் ஆங்கிலம். சிலைட் மாறும் வேகத்தில் தலைப்பை மட்டும்தான் எழுதி முடிக்கிறேன். செவ்வாயன்று பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் கொள்ளுப்பிட்டி வரை போய்விட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

பழைய வெள்ளவத்தை:
தங்கச்சி, 'பஹினவா' என்ற ஒரு சொல் போதும், கொண்டக்டர் மணி அடிப்பார். காலி வீதியில் 100, 101 எது வந்தாலும் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கு. பௌத்தாலோக மாவத்தை வழியே கம்பஸ் பக்கத்துத் தும்முல்லைச் சந்தி வரை நடக்கலாம். குடையை மட்டும் மறக்காதே.

மூன்றாம் வருடம்:
எனக்கும் இதே கதைதான். கொப்பியில் ஆங்கிலச் சொல்லை எழுதி, பக்கத்திலேயே உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல்லைப் போட்டேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம், சீனியர்மார் இரவில் கூப்பிட்டால் போகாதே. பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 'எல்லாரும் தாண்டி வந்ததுதான்' என்பார்கள், நம்பாதே.

கிளிநொச்சிக்காரி:
நன்றி அக்கா, அண்ணா. இன்று 'பஹினவா' சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு கொண்டக்டர் சிரித்தார், ஆனால் பஸ் நின்றது.