ஆன்டிகனி: 6 பேர் கோரஸ் போதுமா?

கேள்வி: சோஃபக்ளீஸின் பழைய கிரேக்க நாடகமான ஆன்டிகனியைப் போடுகிறோம். அவர் காலத்துக் கோரஸில் (சேர்ந்து பாடிப் பேசும் குழுவில்) 15 பேர், எங்களிடம் 6 பேர்தான். சேர்ந்து பேசினால் ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: 6 போதும். மெய்யெழுத்துகள் ஒரே நொடியில் விழாததால்தான் குழம்புகிறது. வரியை ஒருவர் சொல்லட்டும். கடைசி இரண்டு, மூன்று சொற்களில் மட்டும் மற்றவர்கள் சேரட்டும். கையசைத்துத் தொடங்காமல், ஒன்றாக மூச்சிழுத்துத் தொடங்கப் பழக்குங்கள்.

பதில் 2: நீளம் என்று கோரஸ் பாடல்களை வெட்டும்போது கவனம். அவற்றில் ஸ்ட்ரோஃபி என்ற பகுதியும் அதற்குப் பதிலாக வரும் ஆன்டிஸ்ட்ரோஃபியும் ஒரே சந்தத்தில் அமைந்த ஜோடி. ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றது நொண்டும். இரண்டையும் மும்மூன்று பேராகப் பிரித்துக் கொடுங்கள்.

பதில் 3: முகமூடி உண்டா? முழு முகமூடி குரலை மழுக்கும், வாய்த்துளையை அகலமாக வெட்டுங்கள். இன்னொன்று: ஆன்டிகனியின் சாவை மேடையில் காட்டாதீர்கள். தூதுவன் சொல்வதுதான் அங்கே காட்சி. அவன் பேசும்போது கோரஸ் அசையவே கூடாது.