கலைச்சொல் விவாதம்: சுவரில் எழுத்துப் பொருத்தும் வேலைக்கு ‘ஃபிளஷ்’, ‘ஸ்டாண்ட்-ஆஃப்’, ‘ஸ்டட்’

கிருஷ்ணகிரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

பெயர்ப்பலகைப் பட்டறைகளில் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தமிழில் ஒரு செயல்முறைக் கையேடு தயாராகிறது. கடை முகப்பில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சுவரில் ஏற்றும் பகுதியில்தான் சொல் கிடைக்காமல் நிற்கிறோம். 3டி லெட்டருக்குக் ‘கனவெழுத்து’, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுக்குக் ‘கால்’, எழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசருக்கு ‘இடைக்குழல்’, துளை குறிக்கும் டெம்ப்ளேட்டுக்குத் ‘துளைத்தாள்’ என்று வைத்திருக்கிறேன். சுவரைத் தொட்டபடி பொருத்தினால் (ஃபிளஷ்) ‘ஒட்டப் பொருத்தல்’, இடைவெளி விட்டுப் பொருத்தினால் (ஸ்டாண்ட்-ஆஃப்) ‘எட்டப் பொருத்தல்’. ‘எட்ட நில்லு’ என்று வீட்டில் சொல்வதுதான். கருத்துச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து:

வணக்கம் ஐயா. இடைக்குழல், துளைத்தாள் இரண்டும் அப்படியே இருக்கட்டும். ‘கனவெழுத்து’ வேண்டாம், கனம் என்று நினைத்து நாம் எழுதினாலும் படிப்பவர் கனவு என்றுதான் படிப்பார். ‘திண்ம எழுத்து’ என்றும் சொல்ல முடியாது, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்து உள்ளே வெறும் கூடு. ‘வெட்டெழுத்து’ என்றால் நம் இரண்டு மாவட்ட நடுகற்களில் இருக்கும் வட்டெழுத்தோடு காதில் குழம்பும். ‘தடிப்பெழுத்து’ என்றால் கணினியில் உட்கார்ந்திருப்பவர் போல்டு எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார். ‘பொருத்தெழுத்து’ என்று வைக்கலாமா? தூரிகையால் எழுதுவதிலிருந்தும் ஃப்ளெக்ஸில் அச்சடிப்பதிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டுவது பொருத்தும் வேலைதான். கூடோ கட்டியோ, அக்ரிலிக்கோ பித்தளையோ, எல்லாம் அதற்குள் அடங்கும்.

‘கால்’ என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தமிழ் எழுத்துக்கு ஏற்கெனவே துணைக்கால் இருக்கிறது. “கா-வுக்குக் கால் ஆடுது” என்று ஏணி மேலிருப்பவர் சொன்னால் கீழே இருப்பவர் எதை எடுத்துக் கொடுப்பார்? ‘முளை’ என்போம். மாடு கட்டும் முளைக்குச்சி தெரியாதவர் இங்கே யார்? ஊன்றி நின்று இழுப்பைத் தாங்குவது. மரை போட்டது ‘மரைமுளை’.

கையேட்டில் இன்னொன்றும் சேருங்கள். தமிழில் எழுத்தை எண்ணாமல் துண்டை எண்ண வேண்டும். ‘தருமபுரி’ 5 எழுத்து, 5 துண்டு. ‘கிருஷ்ணகிரி’ 6 எழுத்து, 7 துண்டு, ஏனென்றால் ஷ்-க்கு மேல் புள்ளி தனி. ‘ஓசூர்’ 3 எழுத்து, 4 துண்டு. 40 மி.மீ.க்குக் குறைந்த புள்ளிக்கு நடுவில் ஒரு முளை போதும். வட்டமாக இருப்பதால் சற்றுத் திரும்பினாலும் தெரியாது. அதன் இடத்தைத் துளைத்தாளிலேயே அச்சடித்துவிட வேண்டும். சுவரில் நின்று கண்ணால் பார்த்து வைத்தால் புள்ளிகள் ஆளுக்கொரு உயரத்தில் நிற்கும். ‘ட’ போன்ற எழுத்துக்கு இரண்டு முனையிலும் மூலையிலும் முளை வேண்டும். மூலையை விட்டுவிட்டு முனைகளில் மட்டும் வைத்தால் வெயிலில் தகடு வளைந்து மூலை தூக்கும்.

ஓசூரிலிருந்து:

பொருத்தெழுத்து, முளை இரண்டையும் ஏற்கிறேன். ‘எட்டப் பொருத்தல்’ அருமையான சொல். ஆனால் ‘ஒட்டப் பொருத்தல்’ என்று கையேட்டில் போனால் வேலை கெட்டுவிடும். நாம் நினைப்பது சுவரைத் தொட்டபடி முளையால் பொருத்துவதை. படிக்கிற தம்பி பசை போட்டு ஒட்டச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். முளையை அறுத்துவிட்டு சிலிக்கானை மட்டும் பிதுக்கி ஒட்டிவிட்டு வருவார். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் அது நிற்காது. பசை பிடித்திருப்பது வண்ணப்பூச்சை. வண்ணப்பூச்சு சுவரைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் எழுத்தும் நிற்கும். கழன்று விழுந்த எழுத்தின் முதுகைப் பாருங்கள், சுண்ணாம்பு ஏடாக உரிந்து வந்திருக்கும்.

ஆகவே மூன்று சொல் வேண்டும். சுவரைத் தொட்டபடி முளையில் நிற்பது ‘படியப் பொருத்தல்’. தலையைப் படிய வாருவது போலத்தான், இடைவெளி இல்லாமல் சேர்ந்து கிடப்பது. இடைவெளி விட்டு நிற்பது ‘எட்டப் பொருத்தல்’. பசையோ இருபக்க டேப்போ மட்டும் வைப்பது ‘ஒட்டிப் பொருத்தல்’. இந்த மூன்றில் எது என்று சுவர்தான் முடிவு செய்யும்.

நம் பகுதியில் கிரானைட் பதித்த முகப்பு நிறைய. வழவழப்பான கல்லில், சிறிய அக்ரிலிக் எழுத்தை ஒட்டிப் பொருத்தலாம். சிலிக்கான் நியூட்ரல் வகையாக இருக்க வேண்டும். வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் வகை; அது உலோகத்தை அரிக்கும், கல்லிலும் கறை விடும். பெரிய எழுத்துக்கு முளை வேண்டும் என்றால் 18, 20 மி.மீ. பலகைக்கல்லில் துளைப்பானில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் விசையை) அணைத்துவிட்டு, வைர பிட்டில் தண்ணீர் விட்டு மெதுவாகத் துளைக்க வேண்டும். விளிம்பிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் போடுங்கள். கிட்டே போட்டால் கல் மூலையோடு விண்டுவிடும்.

ஹாலோ பிளாக் சுவரில் ராவல் பிளக் (துளைக்குள் செருகி விரியவைக்கும் பிளக்) வெளித்தோலைத் தாண்டியதும் உள்ளே வெற்றிடத்தில் விரியும்; பிடிப்பு கிடையாது. வலைக்குழாய் செருகி, அதற்குள் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பசை) நிரப்பி மரைமுளையை விட வேண்டும். இங்கும் ஹேமர் கூடாது, உள்பக்கம் பெயர்ந்து துளை புனலாகிவிடும். ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத் தகடு) முகப்பில் தகடு 3, 4 மி.மீ. தான், பின்னால் இருக்கும் அலுமினியச் சட்டத்தைத் தேடிப்பிடித்து அதில்தான் பாரத்தை ஏற்ற வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

‘படிய’ சரியாக உட்காருகிறது. ‘ஒட்ட’-வை எடுத்துவிட்டேன். பூசாத செங்கல் சுவர் பற்றி யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? துளையைப் போடுவது செங்கல்லிலா, செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்துச் சந்திலா?

தருமபுரியிலிருந்து:

பூசாத செங்கல்லில் எட்டப் பொருத்துவதுதான் முறை. செங்கல் முகம் ஒன்றுபோல் இருக்காது, சந்து 5, 6 மி.மீ. உள்ளே போயிருக்கும். படியப் பொருத்தினால் எழுத்து இரண்டு மூன்று செங்கல்லில் மட்டும் தொட்டு மற்ற இடத்தில் ஆடும். மழைத்தண்ணீரும் பின்னால் தேங்கி, காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். 12 முதல் 25 மி.மீ. எட்ட வைத்தால் தண்ணீர் வழிந்துவிடும். சுவரின் மேடு பள்ளம் கண்ணில் படாது.

துளை சந்தில் போடுவது என் பரிந்துரை. கடை மாறி எழுத்தைக் கழற்றினால் சந்துத் துளையைச் சாந்தால் அடைத்துவிடலாம். செங்கல் முகத்தில் போட்ட ஓட்டை காலத்துக்கும் தெரியும். ஆனால் சந்துக்கு இரண்டு நிபந்தனை. செங்கல்லும் சாந்தும் சேரும் ஓரத்தில் பிட்டை வைத்தால் அது மெத்தென்ற பக்கம் சறுக்கும்; சந்தின் நட்ட நடுவில் வைக்க வேண்டும். அடுத்து, சாந்து விரலால் கீறினாலே உதிர்ந்தால் விரியும் பிளக் அதில் பிடிக்காது. துளையை ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி, ரெசினில் முளையை நிறுத்துங்கள். உள்ளே தூசி இருந்தால் ரெசின் தூசியைத்தான் பிடிக்கும், முளை கையோடு வந்துவிடும்.

இதற்காகவே முளையைப் பற்றவைப்பதற்கு முன் சுவரை அளக்க வேண்டும். செங்கல் உயரம் 75, சந்து 10 என்றால் ஒரு வரிசை 85 மி.மீ. முளைகளின் மேல்-கீழ் இடைவெளி 85, 170, 255 என்று வந்தால் எல்லாமே சந்தில் விழும். 300 மி.மீ. உயர எழுத்துக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு முளை, 170 இடைவெளியில் அழகாக நிற்கும். நாட்டுச் செங்கல்லில் வரிசை சற்று ஏறி இறங்கும். அந்தச் சுவரிலேயே பத்து வரிசையைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முளை 304 எஸ்.எஸ். ஆகவே இருக்கட்டும். மைல்டு ஸ்டீல் முளை வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே எழுத்துக்குக் கீழே துருக்கோடு இறங்கும். செங்கல் அதை உறிஞ்சிக்கொள்வதால் கழுவினாலும் போகாது. இடைக்குழல்களை ஒரே தடுப்பில் வைத்து ஒரே அளவாக அறுங்கள். 1 மி.மீ. கூடுதல் குறைவு இருந்தாலும் சாயங்கால வெயிலில் நிழல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஓசூரிலிருந்து:

ஒரு சேர்க்கை. அக்ரிலிக் 1 மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 0.07 மி.மீ. விரியும். காலைக் குளிருக்கும் மதிய வெயிலில் காய்ந்த எழுத்துக்கும் 30 பாகை வித்தியாசம் என்றால் 600 மி.மீ. அகல எழுத்து 1.25 மி.மீ. நீளும். நடு முளையை மட்டும் இறுக்கிப் பிடித்து, ஓர முளைகளுக்குத் துளையை 2 மி.மீ. பெரிதாகப் போட்டு, விறைக்காத நியூட்ரல் சிலிக்கானால் நிரப்புங்கள். எல்லாத் துளையிலும் ரெசின் போட்டு இறுக்கினால் முளைக் குழியிலிருந்து எழுத்தில் விரிசல் ஓடும். இந்த விடுதலைக்கு ‘விரிவிடம்’ என்று சொல்லலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து:

விரிவிடம் சேர்ந்தாயிற்று. கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“பூசாத செங்கல் சுவரில் பொருத்தெழுத்தை எட்டப் பொருத்துக. வரிசை உயரத்தை அளந்தபின் மரைமுளையின் இடத்தை முடிவு செய்க. துளைத்தாளை ரசமட்டம் பார்த்து ஒட்டி, புள்ளி உட்பட எல்லாத் துளைகளையும் தாளோடு சேர்த்துக் குறிக்க. ஹேமர் இல்லாமல் 50 மி.மீ. ஆழம் துளைத்து, தூசி நீக்கி, இடைக்குழல் கோத்து, ரெசின் இட்டு ஏற்றுக. அக்ரிலிக் எழுத்தானால் ஓர முளைகளுக்கு ரெசின் இடாமல் விரிவிடம் விட்டு, நியூட்ரல் சிலிக்கான் இடுக.”

அடுத்து எழுத்துக்குப் பின்னால் எல்.இ.டி. வைத்துச் சுவரில் ஒளி விழச் செய்யும் வகை. ‘பின்னொளி’ என்பது கைப்பேசித் திரைக்கே போய்விட்டது; வேறு சொல் வேண்டும்.