மான் மேய்ந்த செவ்வரத்தையும் நான் திட்டின அலரியும்

உவர்மலையான்:
மூன்று வருசத்துக்கு முன்னம் புரட்டாதியில் வேலியோரம் ஆறு செவ்வரத்தைத் தடி ஊன்றினேன். எல்லாம் ஒற்றை அடுக்குச் சிவப்பு. மாரி மழைக்குக் கிடுகிடுவென வளர்ந்து, தை பிறக்கப் பூக்கத் தொடங்கிவிட்டது. காலையில் தேன்சிட்டு வரும். நேர்மையாகப் பூவுக்குள் தலையை விடாது. அடியில் அலகால் ஒரு பொத்தல் போட்டு உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும். களவுதான், ஆனாலும் பார்க்க அழகு.

ஒருநாள் இரவு கேற் கொளுவ மறந்துபோனேன். விடிய வந்து பார்த்தால் ஆறும் வெறுங்குச்சி. றோட்டில் ஒரு தாய்மானும் குட்டியும். தாயின் கடைவாயில் சிவப்பு இதழ் ஒன்று தொங்க, "என்ன?" என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மான் ஊருக்குள்ளேயே திரிகிற திருகோணமலையில் அதன்மேல் யாரிடம் போய் முறைப்பாடு சொல்வது?

பிறகு யாரோ சொல்லி அலரி வைத்தேன். வேரிலிருந்து பூ வரை நஞ்சு என்றபடியால் மான் மணந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. (தவழுகிற பிள்ளைகள் உள்ள வீடென்றால் வைக்காதீங்கோ.) குலைகுலையாகப் பூத்தும் தேன்சிட்டு எட்டிப் பார்க்கவில்லை, வண்ணத்துப்பூச்சி ஒன்றுகூட நின்று குடித்ததைக் காணவில்லை. தேடிப் படித்ததில், அலரிப் பூவில் தேனே இல்லையாம். நிறத்தையும் வாசத்தையும் காட்டி வண்டை ஏமாற்றுகிற பூ! மான் தொடாததும் பூச்சி தேடி வருவதுமாக ஒரு பூமரம் உங்கள் வளவில் இருந்தால் சொல்லுங்கோ.

உப்புவெளி அக்கா:
தம்பி, எங்கட பக்கம் மான் தொல்லை குறைவு, மண்தான் தொல்லை. வெட்சி வைச்சன். நாலு மாசத்தில குருத்திலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணி காணாதெண்டு நினைச்சு வாளி வாளியா ஊத்தினன், இன்னும் மோசமாப் போச்சு. கடற்கரை மணலில சிப்பித் தூள், கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு. மண்ணில இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க ஏலாதாம். பெரிய குழி தோண்டி, அடியில தேங்காய்ப் பொச்சு அடுக்கி, மாட்டெருவும் செம்மண்ணும் போட்டுத் திரும்ப நட்டன். தேத்தண்ணிச் சக்கையும் கொட்டுறனான், அது எவ்வளவுக்கு உதவிச்சுதோ தெரியாது. பொச்சுத்தான் கச்சான் காலத்தில காப்பாத்தினது. சாப்பிடுற கச்சானைச் சொல்லேல்ல, வைகாசியில இருந்து நெருப்பாய் வீசுற காத்தைச் சொல்லுறன். இப்ப வெட்சிக் குழலுக்குள்ள வண்ணத்துப்பூச்சி நாக்கு நீட்டிக் குடிக்கும். சின்னத் தேனீக்கு எட்டாது, பாவம்.

சாம்பல்தீவு:
மயில்கொன்றை வையுங்கோ அண்ணை. விதையை ஒரு இரவு சுடுதண்ணியில் ஊறவிட்டால் முளைக்கும். ஆவணியில் அரைவாசிக்கு வெட்டிவிட்டால் மழையோடு புதுக் கிளைவிட்டுப் பூக்கும். பூவின் நீட்டுக் கேசரங்கள் வெளியே வளைந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கச் செட்டை அடிக்கும்போது மகரந்தம் செட்டையிலேயே அப்பிக்கொள்ளும். கிட்ட நின்று பாருங்கோ, செட்டையின் அடிப்பக்கம் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். மான் தின்னுமோ என்றால், என்னிடம் உத்தரவாதம் இல்லை. எங்கள் பக்கம் ஆடுதான்.

பாலையூற்று ரீச்சர்:
அலரியைத் திட்டாதேங்கோ, உவர்மலையான். பூவை மட்டும் பார்த்தால் காணாது, இலையைத் திருப்பிப் பாருங்கோ. கறுப்பும் வெள்ளையும் வரி வரியாய், பக்கத்தில் செம்மஞ்சள் கோடு, முதுகில் நாலு சோடிக் கறுப்புக் கொம்பு வைத்த புழு இருக்கும். கபில நிறச் செட்டையின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த வண்ணத்துப்பூச்சி எங்கள் ஊரில் நிறைய, அதன் புழுதான் அது. அலரி நஞ்சைத் தின்றாலும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வளர்ந்து பறக்கும்போது குருவிகளும் கிட்டப் போகாது. தேன் குடிக்க வேறு பூவுக்குப் போகும், முட்டை போட உங்கள் அலரிக்குத்தான் வரும். மருந்து கிருந்து அடிச்சுப்போடாதேங்கோ!

உவர்மலையான்:
ரீச்சர், போன மாதம் இலை ஓட்டை கண்டு சவர்க்காரத் தண்ணி அடித்தது நான்தான். வெட்கமாக இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் ஒவ்வோர் இலையாகத் திருப்பினேன். புழு இரண்டு இருந்தது, நீங்கள் சொன்ன அதே கொம்புகளோடு. பிறகு மதில் பக்கக் கிளையில் என்னவோ மின்னியது. வெள்ளித் தோடு தொங்கவிட்ட மாதிரி ஒரு கூட்டுப்புழு. சின்னவளைத் தூக்கிக் காட்டினேன். அவள் தொடப் போக, கையைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து பார்த்தால் அந்த வெள்ளியில் என் மூஞ்சி கோணலாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் கேற்றும் தெரிந்தது.

கேற் திறந்து கிடந்தது.