ஆர்டர் பை இல்லாத குவெரி: வரிசை மாறிய அனுபவங்கள்

ராணிப்பேட்டையிலிருந்து:

இங்கே ஒரு தோல் கம்பெனியின் கணக்கு சாப்ட்வேரை நான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பார்ட்டிகளின் பட்டியலை எடுக்கும் குவெரியில் (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளை) ஆர்டர் பை, அதாவது எந்த வரிசையில் தர வேண்டும் என்று சொல்லும் பகுதி, கிடையாது. முன்பு எழுதியவர் வைக்கவில்லை. ஆனாலும் பதிவு செய்த வரிசையிலேயே வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் வரிசை எண்ணும் அதன்படியே அச்சாகும். கணக்கர் அந்த எண்ணைத்தான் தன் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகளைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், வாலாஜா, ஆற்காடு முகவரிகளை ராணிப்பேட்டைக்கும் அப்டேட் போட்டு மாற்றினோம். மறுநாளே கணக்கர் கூப்பிட்டார்: "தம்பி, ஆம்பூர் பார்ட்டிங்க எல்லாம் கடைசிக்குப் போயிட்டாங்களே! 7-ஆம் நம்பர்ல குடியாத்தம் வருது!"

டேட்டா எதுவும் கெடவில்லை. போஸ்ட்கிரெஸ் டேபிளின் ஒரு வரியை (ஒரு பார்ட்டியின் பதிவை) அப்டேட் செய்யும்போது அதே இடத்தில் திருத்தி எழுதுவதில்லை. பழையதை அப்படியே விட்டுவிட்டு, புதியதை இடம் இருக்கிற பக்கத்தில் (டேபிளின் ஃபைல் இப்படிப் பல பக்கங்களாகப் பிரிந்திருக்கும்) எழுதும். எங்கள் டேபிளில் முந்தைய பக்கங்கள் நிரம்பியிருந்தன, அதனால் கடைசிக்குப் போனது. தலையிலிருந்து படித்து வரும்போது மாறாத வேலூர்க்காரர்கள் முன்னே, மாறியவர்கள் பின்னே. இதோடும் முடியாது. 'வேக்கும்' (VACUUM) என்ற துப்புரவு வேலை ஓடி அந்தப் பழைய இடம் காலியானதும், புதிதாகச் சேரும் பார்ட்டி அங்கே போய் உட்காரலாம். நேற்று வந்தவர் பட்டியலின் நடுவில் தெரிவார்.

ஆர்டர் பை சேர்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் வரிசை எண்ணைத் தனி ஃபீல்டாகவே சேமித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கணக்கர் பேரேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

காட்பாடியிலிருந்து:

அண்ணா, எங்களுக்கு அப்டேட்கூட தேவைப்படவில்லை, ஒரு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் அடுக்கி வைக்கும் தனிப் பட்டியல்) போட்டதே போதும். டேட்டாபேஸ் மை எஸ்கியூஎல், அதில் டேபிளைச் சேமிக்கும் பகுதி இன்னோடிபி. ஐடியும் ஊரும் மட்டும் கேட்கும் குவெரி, ஐடி வரிசையில் வந்துகொண்டிருந்தது. தேடல் வேகமாகட்டும் என்று ஊருக்கு இன்டெக்ஸ் போட்டோம். அப்புறம் பார்த்தால் அணைக்கட்டு, அரக்கோணம், ஆம்பூர் என்று அகரவரிசை! இன்னோடிபியில் அந்த இன்டெக்ஸுக்குள்ளேயே பிரைமரி கீயும் (எங்கள் டேபிளில் ஐடி) இருக்கும். கேட்ட இரண்டும் அங்கேயே கிடைத்துவிட்டதால் டேபிள் பக்கமே போகவில்லை. பெயரையும் சேர்த்துக் கேட்டபோது பழையபடி ஐடி வரிசை. குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் 'யூசிங் இன்டெக்ஸ்' என்று வரும், பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

ஆர்டர் பை இருந்தும் எனக்குத் தொல்லை வந்தது. பில்களைத் தேதிப்படி அடுக்கி, பக்கத்துக்கு 20 காட்டினோம். ஒரே தேதியில் நிறைய பில். முதல் பக்கத்தில் இருந்தது இரண்டாம் பக்கத்திலும் வந்தது, வேறொன்று எந்தப் பக்கத்திலும் இல்லை. தேதி ஒன்றாக இருந்தால் எது முதலில் என்று நாம் சொல்லவில்லையே! தேதிக்கு அப்புறம் பில் எண்ணையும் ஆர்டர் பையில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இரண்டையும் அதே வரிசையில் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் போட்டால், பெரும்பாலும் தனியாக அடுக்கும் வேலையும் மிச்சம்.